வக்கீல் ஆபீஸ் காமெடி: 'ஃபிஸ்க்' முதலில், 'மாம்லா லீகல் ஹை' அப்புறம்

வக்கீல்களை வைத்து எடுத்த நல்ல நகைச்சுவைத் தொடர் ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டால் இரண்டு பெயர்கள் சொல்வேன். ஆஸ்திரேலியாவின் ஏபிசி தொலைக்காட்சியில் 2021இல் தொடங்கிய 'ஃபிஸ்க்' ஒன்று. 2024இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த இந்தித் தொடர் 'மாம்லா லீகல் ஹை' இன்னொன்று. ஒன்றுதான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால், யோசிக்காமல் 'ஃபிஸ்க்'.

சிட்னியில் கம்பெனி ஒப்பந்தங்கள் பார்த்துக்கொண்டிருந்த ஹெலன் டூடர்-ஃபிஸ்க், கல்யாணம் முறிந்து மெல்போர்னுக்கு வந்து 'க்ரூபர் அண்ட் க்ரூபர்' என்ற சின்ன ஆபீஸில் வேலைக்குச் சேர்கிறாள். ஆபீஸ் ரே, ராஸ் என்ற உடன்பிறப்புகள் இருவருடையது. ராஸ் வக்கீலாகத் தொழில் பார்க்க முடியாதபடி சஸ்பெண்ட் ஆகியிருக்கிறாள். அதனால் ஆபீஸ் நிர்வாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எல்லோரையும் விரட்டுகிறாள். ரே எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத ஆள். ஹெலனுக்கோ அளவுக்குப் பொருந்தாத ஒரு பழுப்பு நிறக் கோட்டு, மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிடும் வாய். இந்த வேடத்தில் நடிக்கும் கிட்டி ஃப்ளானகன்தான் தொடரை உருவாக்கியவர்களில் ஒருவர்.

இந்த ஆபீஸுக்கு வருவதெல்லாம் உயில், வாரிசுத் தகராறு. செத்தவர் யாருக்கு எதை விட்டுப்போனார் என்று மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம் முட்டிக்கொள்ளும்போது, இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பதும் ஒரு குடும்பம்தான். சிரிப்பு தொழிலிலிருந்தே வருவது இதனால்தான். இந்த ஆபீஸுக்குப் பதில் ஒரு பல் மருத்துவமனையை வைத்திருந்தாலும் இதே வசனம் செல்லும் என்று சொல்லவே முடியாது.

'மாம்லா லீகல் ஹை' வேறு ரகம். டெல்லியின் பட்பர்கஞ்ச் மாவட்ட நீதிமன்றம்தான் களம். தியாகி என்ற பெயருடைய வக்கீல் சங்கத் தலைவராக ரவி கிஷன் வெளுத்து வாங்குகிறார். எனக்கு மிகவும் பிடித்தது சுஜாதா என்ற பாத்திரம். கோர்ட் வளாகத்தில் சொந்தமாக ஒரு சேம்பர், அதாவது வக்கீல் அறை, கிடைக்காதா என்று ஏங்கும் அவரைப் போன்ற வக்கீலை நம் ஊர் கோர்ட் வளாகத்தில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அந்த நெருக்கத்தை 'ஃபிஸ்க்' தர முடியாது. ஆனால் விசித்திர வழக்குகளை வரிசையாகக் கொண்டுவரும் அவசரத்தில், மனிதர்கள் சில இடங்களில் பின்னுக்குப் போய்விடுகிறார்கள்.

பழைய ருசி வேண்டுபவர்களுக்கு அமெரிக்காவின் 'நைட் கோர்ட்' இருக்கிறது. 1984 முதல் 1992 வரை ஓடியது. 2023இல் மறுபடி வந்தபோது, பழைய தொடரில் வந்த நீதிபதியின் மகள் அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். பழையதே மேல்.

'ஃபிஸ்க்' 3 சீசன், ஒவ்வொன்றிலும் 6 எபிசோடு, எல்லாம் அரை மணி நேரத்துக்குள். மூன்றாவதில் பெயர்ப்பலகையே 'க்ரூபர் அண்ட் ஃபிஸ்க்' என்று மாறுகிறது. அது ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய முதல் சீசனிலிருந்து வரிசையாகப் பாருங்கள்.