காந்தச் சார்ஜருக்கு 14,500 ரூபா கொடுத்து ஏமாந்த கதை: மட்டக்களப்பு ஆட்கள் கவனம்

ஆத்திரத்தில் எழுதுகிறேன், முன்னுக்குப் பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மட்டக்களப்பு நகரில் போன் சாமான்கள் விற்கும் ஒரு கடையில் 14,500 ரூபா கொடுத்து, போனின் முதுகில் காந்தத்தால் ஒட்டும் வயர்லெஸ் சார்ஜர் ஒன்று வாங்கினேன். இன்று அது எதற்கும் உதவாமல் மேசையில் கிடக்கிறது. காசும் திரும்பவில்லை, மாற்றியும் தரவில்லை. கடையின் பெயரைப் போடவில்லை. அதே பெட்டி வேறு கடைகளிலும் தொங்குவதைக் கண்டேன், எல்லோருக்கும் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

வாங்கியது அம்மாவுக்கு. அம்மா கொக்கட்டிச்சோலையில் இருக்கிறார். சீனி வருத்தத்தால் விரல் நுனியெல்லாம் மரத்துப்போய்விட்டது. சார்ஜ் வயரின் முனையைப் போன் துளைக்குள் செருக அவருக்குப் பெரும் பாடு. குத்திக் குத்தியே துளை தளர்ந்துவிட்டது, வயரை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறும். கட்டாரில் இருக்கும் தம்பி அனுப்பிய ஐபோன் 13 அது. அவன் வேலை முடிந்து எடுக்கும்போது இங்கே இரவு பத்து மணி தாண்டிவிடும். அந்த நேரத்தில் போன் செத்துக் கிடந்தால் இரண்டு பக்கமும் நித்திரை இல்லை.

அப்படிப்பட்டவர்களுக்கு இந்தக் காந்தச் சார்ஜர் உண்மையிலேயே நல்ல சாமான். அதை மறுக்க மாட்டேன். 2020இல் ஐபோன் 12 வந்தபோது ஆப்பிள் நிறுவனம் இதை மேக்சேஃப் என்ற பெயரில் போனுக்குக் கொண்டுவந்தது. போனின் முதுகுக்குள்ளே வட்டமாகக் காந்தங்கள், நடுவில் மின்சாரத்தை வாங்கும் செம்புச் சுருள். சார்ஜரிலும் அதே அமைப்பு. கிட்டே கொண்டுபோனால் தானாக இழுத்து ஒட்டிக்கொள்ளும், இரண்டு சுருளும் நேருக்கு நேர் வந்துவிடும். காந்தம் இல்லாத பழைய வயர்லெஸ் தட்டுகளில் போன் சற்று விலகினாலும் விடிய விடியச் சார்ஜ் ஏறாது, அந்தக் கரைச்சல் இதில் இல்லை. 2023இல் இதே காந்த முறையை கியூஐ2 என்ற பொதுத் தரமாக அறிவித்தார்கள், அதனால் மற்ற கம்பனிகளின் சார்ஜர்களும் முறையான சான்றிதழோடு வர வழி பிறந்தது. துளையைத் தொடவே தேவையில்லை என்பது அம்மாவுக்கு எவ்வளவு பெரிய விஷயம்! இதையெல்லாம் வாசித்து அறிந்துகொண்டுதான் கடைக்குப் போனேன்.

கடையில் நின்ற பொடியன் நல்ல மரியாதையாகப் பேசினான். அம்மாவின் நிலைமையைச் சொன்னேன். “ஐயோ சேர், என்ட அம்மாவுக்கும் இதே வருத்தம்தான்” என்றான். அந்தச் சொல்லில்தான் மனம் இளகியது. தன் போனை எடுத்துச் சார்ஜரில் ஒட்டவைத்து, தலைகீழாகப் பிடித்து நாலு உலுக்கு உலுக்கினான். “பாருங்க சேர், விழுதா? ஒரிஜினல். 15 வாட். ஒண்டரை மணித்தியாலத்தில புல்லாகிடும். பழுது எண்டா கொண்டு வாங்க, கையோட மாத்தித் தாறன்.” பெட்டியிலும் 15 வாட் என்று பெரிதாகப் போட்டிருந்தது. 14,500 ரூபாவை எண்ணிக் கொடுத்தேன். ஆசிரியர் சம்பளத்தில் 14,500 ரூபா என்றால் என்னவென்று இங்கே எல்லோருக்கும் தெரியும்.

இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அவன் காட்டியது காந்தத்தின் பிடியை மட்டும்தான். சார்ஜ் எப்படி ஏறுகிறது என்பதை அந்தக் கடையில் யாரும் காட்டவேயில்லை. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டும் காந்தம்கூடத்தான் தலைகீழாகப் பிடித்தால் விழாது!

முதல் இரவே விஷயம் தெரிந்துவிட்டது. அம்மா படுக்கும்போது ஒட்டவைத்திருக்கிறார். விடியப் பார்த்தால் பாதிக்குச் சற்று மேலேதான் ஏறியிருக்கிறது, போனைக் கையில் எடுக்க முடியாத சூடு. திரையில் சார்ஜ் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது, போன் வழமையான வெப்பநிலைக்கு வந்ததும் தொடரும் என்று அறிவிப்பு. சூடு கூடினால் பேட்டரியைக் காப்பாற்ற ஐபோன் தானே சார்ஜை நிறுத்திக்கொள்ளும். போன் நிறுத்த, ஆற, மறுபடி ஏற, மறுபடி நிறுத்த என்று இரவு முழுக்க இதே கூத்து. தம்பி எடுத்த அழைப்புக்குப் பதில் சொல்ல முடியாமல் போன் அணைந்துபோன இரவும் உண்டு.

கடைக்குப் போனேன். அதே பொடியன், முகம் மட்டும் வேறு. “கவர் போட்டிருக்கிறீங்க சேர், அதுதான் சூடு.” கவரைக் கழற்றிப் பார்த்தோம், அதே சூடு. மறுபடி போனால், “வயர்லெஸ் எண்டா சூடு வாறது நோர்மல்தானே.” அடுத்த தடவை, “உங்கட போன்லதான் பிழை, பேட்டரியை மாத்துங்க.” மாற்றித் தாறன் என்று சொன்னாயே தம்பி என்று கேட்டேன். “முதலாளி கொழும்புக்குப் போயிட்டார், நாளைக்கு வாங்க.” முதலாளியின் இலக்கத்துக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை. கடைசியில் முதலாளியே கடையில் இருந்தார். என் முகத்தை நிமிர்ந்தும் பார்க்காமல், “சார்ஜர் ஐட்டத்துக்கு வாரண்டி இல்ல, பில்லில எழுதித்தானே இருக்கு” என்றார். பில்லில் இருந்தது ‘போன் சாமான் 1, 14,500’ என்ற ஒரே வரி. வாரண்டி உண்டென்றும் இல்லை, இல்லையென்றும் இல்லை. அதைக் காட்டினேன். “வேணுமெண்டா ஒரு கவரும் கண்ணாடியும் எடுத்திட்டுப் போங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார். 14,500 ரூபாவுக்கு ஒரு கவரும் ஒரு கண்ணாடியும்!

அங்கிருந்து நேரே போன் திருத்தும் நண்பரிடம் போனேன். அவர் அடப்டருக்கும் வயருக்கும் நடுவில் ஒரு சின்ன மீட்டரைச் செருகினார். 5 வோல்ட், ஆம்பியர் 0.9ஐத் தாண்டவில்லை. பெருக்கினால் நாலரை வாட். வயர்லெஸ்ஸில், நல்ல சார்ஜராக இருந்தாலும் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு வெப்பமாகப் போய்விடும். இதில் அதைவிடக் கூடவே போகும். போனுக்குள் மூன்று வாட் போனாலே பெரிய காரியம். ஐபோன் 13இன் பேட்டரி 12.4 வாட்மணி, இடையில் நிற்காமல் ஏறினாலும் நாலு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். 15 வாட் வாங்க வேண்டுமென்றால் 9 வோல்ட் கொடுக்கும் 20 வாட் டைப்-சி அடப்டர் வேண்டும். இவர்கள் பெட்டிக்குள் வைத்தது சாதாரண 5 வோல்ட் அடப்டர். அதோடு, மேக்சேஃப் அல்லது கியூஐ2 சான்றிதழ் இல்லாத சார்ஜருக்கு இந்த போன் 7.5 வாட்டுக்கு மேல் இடம் கொடுக்காது. ஆகவே பெட்டியில் உள்ள 15 வாட் எந்த விதத்திலும் நடக்காத காரியம்.

சரி, இனி என்ன இருக்கிறது என்று அடியில் இருந்த ஸ்டிக்கரை உரித்துத் திறந்தோம். சின்னச் சின்னக் காந்தத் துண்டுகளை வட்டமாக அடுக்கி வெள்ளைப் பசையை ஊற்றியிருக்கிறார்கள். பசை ஒரு பக்கம் வழிந்து காய்ந்து, சுருளை அந்தப் பக்கமே தள்ளிவிட்டிருக்கிறது. காந்தம் போனை நடுவில் இழுத்துப் பிடிக்கிறது, சுருளோ நடுவில் இல்லை. சூடு எங்கிருந்து வந்தது என்று கேட்கவே தேவையில்லை. கச்சான் காற்று அடிக்கும் இந்த நாட்களில் ஓட்டு வீட்டு அறைக்குள் சாதாரணமாகவே புழுங்குகிறது. ஐபோனை 35 பாகைக்கு மேல் சூடான இடத்தில் பாவிக்க வேண்டாம் என்று ஆப்பிளே சொல்கிறது. இந்த வெயிலில் நல்ல காந்தச் சார்ஜரே திணறும், இப்படிப்பட்டது பேட்டரியைத் தின்றுவிடும். அம்மாவின் தலைமாட்டில் இரவிரவாக இது எரிந்துகொண்டிருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

வாங்கப் போகிறவர்களுக்கு நிறையச் சொல்ல நினைத்தேன், மனம் நிற்கவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

கடையில் காந்தத்தை உலுக்கிக் காட்டினால் நம்பாதீர்கள். உங்கள் போனையே ஒட்டவைத்து இருபது நிமிடம் அங்கேயே நில்லுங்கள், எத்தனை சதவீதம் ஏறுகிறது, எவ்வளவு சுடுகிறது என்று பாருங்கள். நிற்க விடாத கடை என்றால் வெளியே வாருங்கள். கியூஐ2 என்று பெட்டியில் அச்சடிப்பது யாருக்கும் முடியும், சான்றிதழ் பெற்ற சார்ஜர்களின் பட்டியல் அந்தத் தரத்தை நடத்தும் வயர்லெஸ் பவர் கன்சோர்டியத்தின் இணையத்தில் இருக்கிறது, மொடல் இலக்கத்தைப் போட்டுத் தேடுங்கள். போன் கவருக்குள் வங்கி அட்டை வைத்திருந்தால் சார்ஜரில் போட முன் எடுத்துவிடுங்கள், காந்தப் பட்டை பழுதாகலாம். வீட்டில் பேஸ்மேக்கர் (இதயத்துடிப்பைச் சீராக்கும் கருவி) வைத்தவர்கள் இருந்தால் இந்தப் போனையும் சார்ஜரையும் நெஞ்சுக்குக் கிட்டே கொண்டுபோக வேண்டாம். 15 சென்ரிமீற்றருக்கு மேல் தள்ளி வைக்க வேண்டும், வயர்லெஸ்ஸில் சார்ஜ் ஏறும்போது 30 சென்ரிமீற்றருக்கு மேல் என்பது ஆப்பிள் சொல்லும் கணக்கு. இதை அந்தக் கடையில் ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை.

பில்லில் மொடல், வாட், எத்தனை மாத வாரண்டி எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். எழுத மாட்டேன் என்றால் காசு கொடுக்காதீர்கள்.

நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு எடுத்துச் சொல்லிவிட்டேன், எழுத்திலும் முறைப்பாடு கொடுக்கப் போகிறேன். 14,500 ரூபாவை விடுவதாக இல்லை. இதே மாதிரி வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் பில்லை மட்டுமல்ல, பெட்டியையும் எறியாமல் வைத்திருங்கள். 15 வாட் என்ற பொய் அந்தப் பெட்டியில்தான் அச்சடித்துக் கிடக்கிறது.