பிளாட்டினம் சுரங்கப் பங்கை விலைக்கழிவில் தருகிறோம் என்று யாராவது சொன்னால், காசு அனுப்ப முன் இதைப் படியுங்கள்

11,400 பவுண்ட்ஸ். மோசடியில் போன என் காசைத் திருப்பித் தர வழியில்லை என்று வங்கி நேற்றுக் கடிதம் போட்டுவிட்டது. இரவு முழுக்க நித்திரை இல்லை. கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று மனைவி சொன்னாள். அதற்குள் இன்னும் நாலு பேர் மாட்டிவிடுவார்கள். என்னை மாட்டிவிட்ட அந்த வட்ஸ்அப் குழு இப்போதும் ஓடுகிறது. அடுத்த "பிளேசிங்" (குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் புதிய பங்கு கொடுப்பது) வருகிறது, ஆயத்தமாக இருங்கள் என்று அதில் போட்டிருப்பதாக உள்ளே இருக்கும் ஒருவர் எனக்கு அனுப்பியிருக்கிறார். லண்டனில் இருந்து பங்கு வாங்கி விற்கும் நம் ஆட்கள் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

நான் இந்தத் துறைக்குப் புதியவன் இல்லை. தென்னாபிரிக்காவின் புஷ்வெல்ட் பகுதியில் பிளாட்டினமும் குரோமும் எடுக்கிற ஒரு நிறுவனத்தின் பங்கு என்னிடம் பல வருடமாக இருக்கிறது. சிறு நிறுவனங்களுக்கான லண்டன் ஏஐஎம் சந்தையில் மட்டும் பட்டியலான பங்கு. 2021 மார்ச்சில், பிளாட்டினத்தோடு சேர்ந்து கிடைக்கிற ரோடியம் என்ற உலோகம் ஒரு அவுன்ஸ் 30,000 டொலரை நெருங்கியபோதும் வைத்திருந்தேன். 2023இல் அதே ரோடியம் 5,000 டொலருக்குக் கீழே விழுந்து பங்கிலாபம் சுருங்கியபோதும் விற்கவில்லை. அந்த நிறுவனத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதன் பெயரைக் காட்டிக் காசு பறித்தது ஒரு இணையப் பங்குத் தளமும் அதற்கு ஆள் பிடித்துக் கொடுத்த குழுவும்.

குழுவில் என்னைச் சேர்த்துவிட்டவரும் என்னைப்போல ஒரு சிறு முதலீட்டாளர்தான், பாவம், அவருடைய காசும் போய்விட்டது. ஆரம்பத்தில் அங்கே நடந்த பேச்செல்லாம் உண்மையான பேச்சு. 42 சதவீதத் தரமுள்ள குரோம் தாது சீனத் துறைமுகத்தில் இறங்கும்போது டன் என்ன விலை, ரயில் சரியாக ஓடாததால் லொறியில் மொசாம்பிக்கின் மபுட்டோ துறைமுகத்துக்கு ஏற்றுவதில் எவ்வளவு செலவு கூடுகிறது, 2023இல் இருந்ததுபோல மின்வெட்டு திரும்பினால் ஆலை என்ன ஆகும் என்று நாள் முழுக்கப் பேசுவார்கள். காலை 7 மணிக்கு நிறுவனத்தின் அறிவிப்பு லண்டன் பங்குச் சந்தையின் அறிவிப்புச் சேவையான ஆர்என்எஸ்ஸில் வந்தால் ஐந்து நிமிடத்தில் அதன் சாரம் தமிழில் வந்துவிடும்.

அதை எழுதியவர்தான் குழுவை நடத்தியவர். விஷயம் தெரிந்தவர், அதை நான் மறுக்கவில்லை. புஷ்வெல்ட் பாறையில் பிளாட்டினம் கிடைக்கிற மெரென்ஸ்கி அடுக்குக்கும் யூஜி 2 அடுக்குக்கும் என்ன வித்தியாசம் என்று ஒருநாள் கையால் படம் வரைந்து போட்டார். யூஜி 2இல் குரோமைட் என்ற குரோம் தாது நிறைய இருக்கும், அதனால் பிளாட்டினம் எடுக்கிற இடத்திலேயே குரோமும் எடுக்கலாம். பழைய குரோம் சுரங்கங்களில் அரைத்து ஒதுக்கிய மண்ணைத் திரும்ப அலசினால் அதிலிருந்து பிளாட்டினம் வரும், நிலத்துக்குக் கீழே இறங்கவே தேவையில்லை. எல்லாம் சரியான தகவல். நான் தனியாகப் படித்தும் பார்த்தேன், ஒரு பிழை இல்லை.

நம்பிக்கை வந்தது எந்த இடத்தில் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பங்கு விலை கிடுகிடுவென்று ஏறிய ஒரு வாரம். இன்னும் கொஞ்சம் வாங்கலாமா என்று குழுவில் கேட்டேன். அவர் நேரே தொலைபேசியில் எடுத்தார். "இந்த விலையில வாங்காதேங்கோ அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ, இறங்கும்" என்றார். இறங்கியது. விற்க வந்தவன் வாங்காதே என்று சொல்வானா? அன்று அரை மணி நேரம் கதைத்தோம். எந்த ஊர் என்று கேட்டார், மல்லாகம் என்றேன். "அட, அம்மா சுன்னாகம்தான் அண்ணை, பக்கத்துப் பக்கம்" என்றார். அதற்குப் பிறகு அவர் எனக்குத் தம்பி. இந்த இடத்தைத்தான் அவர்கள் குறிவைக்கிறார்கள். காசு கேட்பதற்கு மாதக்கணக்கில் முன்பே இந்த வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள்.

2025 தொடக்கத்தில் அவுன்ஸ் 900 டொலரை ஒட்டி நின்ற பிளாட்டினம் ஜூலையில் 1,400ஐத் தாண்டியது. சரியாக அப்போதுதான் அந்த வலையை விரித்தார்கள். நிறுவனம் புதிய ஆலைக்காகப் பங்கு வெளியிடுகிறது, பெரிய நிதி நிறுவனங்களுக்கு மட்டும்தான் கொடுப்பார்கள், ஒரு தளத்தின் மூலம் நம் குழுவுக்கும் ஒதுக்கீடு கிடைத்திருக்கிறது, சந்தை விலையில் 18 சதவீதம் குறைவு என்றார்கள். இதில் நம்ப முடியாதது எதுவும் இல்லை. சிறு சுரங்க நிறுவனங்கள் இப்படி விலை குறைத்துப் பங்கு வெளியிட்டுக் காசு திரட்டுவது ஏஐஎம்மில் அடிக்கடி நடப்பது.

அந்தத் தளத்தின் பெயரையும் பதிவு இலக்கத்தையும் பிரித்தானிய நிதித்துறைக் கண்காணிப்பு அமைப்பான எஃப்சிஏயின் பதிவேட்டில் தேடினேன். இருந்தது. முகவரியும் பொருந்தியது. அதன் பிறகுதான் காசு அனுப்பினேன். 8,000 என் மனைவி மாதாமாதம் கட்டி எடுத்த சீட்டுக் காசு, மிச்சம் மகளின் பல்கலைக்கழக விடுதிச் செலவுக்கு வைத்தது. மொத்தம் 11,400 பவுண்ட்ஸ். "செட்டில்மென்ட் கணக்கு" ஐரோப்பாவில் இருக்கிறது என்று ஒரு வெளிநாட்டுக் கணக்கைக் கொடுத்தார்கள்.

ஒதுக்கீட்டுக் கடிதம் அடுத்த நாளே வந்தது. மேலே நிறுவனத்தின் சின்னம், நடுவே என் பெயரும் பங்கு எண்ணிக்கையும், கீழே செயலாளரின் கையொப்பம். தளத்தின் செயலியைத் திறந்தால் என் கணக்கில் பச்சை நிறத்தில் தொகை ஏறிக்கொண்டே இருக்கும். 15,200 வரை ஏறியது. மகளுக்குக் கட்ட வேண்டிய நேரம் வந்ததும் விற்கச் சொன்னேன்.

அன்றிலிருந்து தொடங்கியது சாக்குப்போக்கு. "கிளியரிங்கில நிக்குது அண்ணை, ரெண்டு நாள் பொறுங்கோ." பொறுத்தேன். செப்டம்பர் 24 அன்று கேட்டால், "இண்டைக்கு சவுத் ஆபிரிக்காவில லீவு." அன்று அங்கே பாரம்பரிய தினம், லீவு என்பது உண்மைதான். ஆனால் ஏஐஎம் பங்கு விற்றால் கணக்கு முடிவது லண்டனில், விற்று இரண்டு வேலை நாளில். ஜொகன்னஸ்பர்க்கில் லீவு என்றால் அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு? அதைக் கேட்டதும் தம்பிக்கு "மீட்டிங்". தளத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினால் "உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது" என்ற ஒரே வரி, ஒவ்வொரு தடவையும் வேறு பெயரில் கையெழுத்து. அழைத்தால் பாட்டுப் போட்டு நிறுத்தி வைத்துவிட்டுத் துண்டிப்பார்கள். என்னுடைய 11,400 பவுண்ட்ஸைக் கேட்க நான் கெஞ்ச வேண்டியிருந்தது.

பிறகு ஒரு கடிதம் வந்தது. காசை விடுவிக்க முத்திரை வரி 76 பவுண்ட்ஸும், தென்னாபிரிக்க வரி 20 சதவீதம் 3,040 பவுண்ட்ஸும் முன்கூட்டியே கட்ட வேண்டுமாம். எனக்கு இரத்தம் கொதித்தது. ஏஐஎம்மில் மட்டும் பட்டியலான பங்குக்கு 2014 ஏப்ரலிலிருந்து முத்திரை வரியே கிடையாது. அந்த வரி உள்ள பங்குகளுக்கும் அதைக் கட்டுவது வாங்குகிறவர், விற்கிறவர் இல்லை. அந்த 20 சதவீதம் தென்னாபிரிக்காவில் பங்கிலாபத்தின் மேல் பிடிக்கிற வரி, பங்கு விற்ற காசின் மேல் இல்லை. இதை அப்படியே குழுவில் எழுதினேன். சில நிமிடத்தில் என் பதிவை அழித்து என்னை வெளியே தள்ளினார்கள். தம்பியை அழைத்தேன். "76 பவுண்ட்ஸ்தானே அண்ணை, கட்டிப்போட்டு வாங்குங்கோவன்" என்று சிரித்தான். அதுதான் கடைசி. அந்த இலக்கம் இப்போது பாவனையில் இல்லை.

உண்மையான நிறுவனத்தின் முதலீட்டாளர் தொடர்பு மின்னஞ்சலுக்கு எழுதினேன். மறுநாளே பதில்: அப்படி ஒரு பங்கு வெளியீடே நடக்கவில்லை. எஃப்சிஏ பதிவேட்டில் இருந்த தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தேன். எடுத்தவர் ஒரு நேர்மையான நிறுவனத்தின் ஊழியர். எங்கள் பெயரையும் பதிவு இலக்கத்தையும் வேறு யாரோ பயன்படுத்துகிறார்கள், உங்களுக்கு முன்பும் சிலர் அழைத்தார்கள் என்றார். பெயரும் இலக்கமும் முகவரியும் அச்சொட்டாக அதேதான், தொலைபேசியும் இணைய முகவரியும் மட்டும் வேறு.

வங்கியில் இன்னொரு அடி. மோசடியில் போன காசை வங்கி திருப்பித் தர வேண்டும் என்ற விதி 2024 அக்டோபர் 7இலிருந்து இங்கே இருக்கிறது. ஆனால் அது இங்கிலாந்துக் கணக்கிலிருந்து இங்கிலாந்துக் கணக்குக்குப் போன காசுக்கு மட்டும்தான். வெளிநாட்டுக்குப் போனதற்கு இல்லை. அதனால்தான் அந்த வெளிநாட்டுக் கணக்கு, எல்லாம் தெரிந்துதான் செய்திருக்கிறார்கள். பொலிஸ் ஒரு முறைப்பாட்டு இலக்கம் கொடுத்ததோடு சரி.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. முக்கியமானது இவ்வளவுதான். பதிவேட்டில் பெயர் இருந்தால் போதாது, அதில் உள்ள தொலைபேசி இலக்கத்துக்கு நீங்களே அழையுங்கள், அவர்கள் தந்த இலக்கத்துக்கு இல்லை. புதிய பங்கு வெளியீடு என்றால் ஆர்என்எஸ்ஸில் அறிவிப்பைப் பாருங்கள், இல்லாவிட்டால் நிறுவனத்திடமே எழுதிக் கேளுங்கள். பங்குக்கான காசு வெளிநாட்டுக் கணக்குக்கு என்றால் அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். காசை வெளியே எடுக்க முதலில் காசு கட்டச் சொன்னால் ஒரு சதமும் கட்டாதீர்கள்.

இன்னொன்று. இன்று காலை ஒருவர் ஆங்கிலத்தில் அழைத்தார், சட்ட நிறுவனமாம், நான் இழந்த 11,400 பவுண்ட்ஸை மீட்டுத் தருவார்களாம், முன்பணம் 600. தொகையை நான் சொல்லவே இல்லை, அவரே சொன்னார். வங்கி, பொலிஸ், என் மனைவி, இவர்களைத் தவிர அந்தத் தொகை தெரிந்தது அந்தத் திருடர்களுக்கு மட்டும்தான். உங்களுக்கும் இப்படி அழைப்பு வந்தால் பேச்சை வளர்க்காமல் வைத்துவிட்டு, அந்த இலக்கத்தையும் முறைப்பாட்டில் சேர்த்துவிடுங்கள்.