எண்பது வீதமும் ஈரப்பதன் கழிவும்: தர அளவீட்டுப் பலகையுடன் சில போகங்கள்

வவுனியாவில் சிறிய மென்பொருள் குழுவொன்றை நடத்தும் நண்பர் ஒருவர் சென்ற கிழமை ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். அவருக்கு வந்த ஒப்பந்த ஆவணமொன்றில், ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தர அறிக்கை இணைக்கப்பட வேண்டும், புதிய நிரலில் சோதனைப் பரவல் (சோதனைகளின்போது இயங்கிய வரிகளின் வீதம்) 80 வீதத்துக்குக் குறையக்கூடாது, பாதுகாப்பு மதிப்பீடு முதல் தரமாக இருக்க வேண்டும் என்றெல்லாம் நிபந்தனைகள் இருக்கின்றனவாம். கிளிநொச்சியில் நீங்கள் பல போகங்களாக இத்தகைய அளவீட்டுப் பலகையைப் பயன்படுத்துகிறீர்களே, நாங்களும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அறுவடைக் காலத்தின் நடுவில் வந்த கேள்வி என்பதால் என் பதிலில் கொஞ்சம் சூடு இருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கருவியின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. நிரலை இயக்காமலே படித்து வழுக்கள், இரட்டிப்பு (ஒரே நிரல் பல இடங்களில் திரும்ப எழுதப்பட்டிருத்தல்), சிக்கல் அளவு, பாதுகாப்புக் குறைபாடுகள் ஆகியவற்றைக் கணக்கிட்டு எழுத்துத் தரம் கொடுக்கும் கருவிகளைப் பயன்படுத்தியவர்களுக்கு எதைப்பற்றிப் பேசுகிறேன் என்பது விளங்கும். அதன் இலவசப் பதிப்பைத்தான் எங்கள் சொந்தச் சேவையகத்தில் நிறுவியிருக்கிறோம். நிர்ணயித்த எல்லைகளுள் ஒன்றேனும் தவறினால் வெளியீட்டை மறித்துச் சிவப்புக் காட்டும் பகுதியை எங்கள் குழுவில் எல்லோரும் ‘படலை’ (வேலியின் வாயிற்கதவு) என்றே அழைக்கிறார்கள். இங்கும் அப்படியே எழுதுகிறேன். நாங்கள் செய்வது கூட்டுறவுச் சங்கங்களுக்கும் அரிசி ஆலைகளுக்குமான நெற்கொள்வனவு, கடன் பேரேட்டு மென்பொருள். பெரும்பகுதி ஜாவாவில் எழுதப்பட்டது.

நியாயமாக, நல்லதில் தொடங்குகிறேன். இலங்கையில் பேரேடு எழுதும் எவருக்கும் தேசிய அடையாள அட்டை இலக்கத்தோடு மல்லுக்கட்டாமல் காலம் கழியாது. ஒன்பது இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் கொண்ட பழைய வடிவமும், 2016 முதல் வழங்கப்படும் பன்னிரண்டு இலக்க வடிவமும் இன்றும் அருகருகே புழக்கத்தில் உள்ளன. பிறந்த ஆண்டுக்கு அடுத்து வரும் மூன்று இலக்கங்கள் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைச் சொல்லும். பெண்களாயின் அத்துடன் 500 கூட்டப்பட்டிருக்கும். எல்லா ஆண்டுகளுக்கும் 366 நாள்கள் என்றே அந்த எண்ணிக்கை நடைபெறும். இந்தக் கடைசி நுணுக்கத்தை மறந்தால் பெப்ரவரிக்குப் பின்னர் பிறந்தவர்களில் பெரும்பாலானோரின் பிறந்த திகதி ஒரு நாள் பிசகிவிடும். எங்கள் நிரலில் இந்தக் கணக்கு உறுப்பினர் பதிவு, கடன் விண்ணப்பம், பிணையாளர் விபரம் எனப் பல இடங்களில் தனித்தனியாகக் குடியிருந்ததையும், அவற்றுள் ஒன்று மட்டும் 366ஐ அறியாதிருந்ததையும் இரட்டிப்பு அளவீடு வந்த பிறகே கண்டோம். பெரும்பகுதி ஒன்றாயிருந்த துண்டுகளைக் கருவி அருகருகே நிறுத்திக் காட்டியபோது வித்தியாசம் தானாகவே கண்ணிற் பட்டது. ஒரு மனிதர் இதைக் கண்டுபிடிக்க வேண்டுமாயின், முதலில் அந்தக் கோப்புகள் அனைத்தையும் ஒரே நாளில் திறக்க வேண்டிய தேவை அவருக்கு ஏற்பட்டிருக்க வேண்டும். இரட்டிப்பு எண்ணைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை.

நாங்கள் தனியாக இணைத்திருக்கும், சார்பு நூலகங்களை (பிறர் எழுதி நாம் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல்களை) சோதிக்கும் பகுதி இதனிலும் மேலானது. 2021 டிசெம்பரில், ஜாவா நிரல்கள் தம் இயக்கக் குறிப்புகளைப் பதியப் பயன்படுத்தும் லொக்ஃபோர்ஜே நூலகத்தின் குறைபாடு வெளியானபோது, பத்துக்குப் பத்து என்ற உச்ச ஆபத்து மதிப்பெண் பெற்ற அந்தக் குறை எங்களிடமும் இருக்கிறதா என்று யாரும் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. அந்த நூலகத்தை எங்களில் எவரும் நேரடியாகச் சேர்த்ததில்லை. அறிக்கை அச்சிடுவதற்காகச் சேர்த்த வேறொரு நூலகத்தின் வழியாக, கேட்காமலே உள்ளே வந்திருந்தது. அது வந்த வழியைச் சோதனை அறிக்கை ஒரே பக்கத்தில் காட்டியது. அந்த மாதம் முழுவதும் 2.15, 2.16, 2.17 எனத் திருத்தத்தின் மேல் திருத்தமாக வந்துகொண்டிருந்தது. முதல் திருத்தத்தோடு வேலை முடிந்தது என்று எண்ணியவர்கள் மறுபடியும் எழும்ப வேண்டியிருந்தது. வெளியே மாரி மழை, இணைப்பு வருவதும் போவதுமாக இருந்தது. ஆயினும் எந்த வெளியீட்டில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்ற ஒரு விடயத்தில் மட்டும் எங்களுக்குக் குழப்பம் இருக்கவில்லை. அந்த மாதத்துக்காகவே இந்தப் பகுதிக்கு நான் என்றும் நன்றியுள்ளவன்.

ஆனால் அதே பாதுகாப்புப் பக்கத்தில் பச்சை நிறத்தில் மின்னும் முதல்தர எழுத்தை நம்பலாமா என்று கேட்டால், நம்ப வேண்டாம் என்பேன். இணையப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு 2021இல் வெளியிட்ட பத்து ஆபத்துகளின் பட்டியலில், அணுகல் கட்டுப்பாட்டின் உடைவு ஐந்தாம் இடத்திலிருந்து முதலாம் இடத்துக்கு ஏறியது. நிரலைப் படிக்கும் கருவிக்கு மிகவும் எட்டாத குறையும் அதுவே. துணுக்காய்க் கிளையில் இருப்பவர் விசுவமடுக் கிளையின் உறுப்பினரது கடன் விபரத்தைப் பார்க்கக்கூடாது என்பது சங்கத்தின் விதி. அந்த விதியை எழுத வேண்டிய இடத்தில் எழுதாமல் விட்டால், படிப்பதற்கு அங்கே நிரலே இராது. வெள்ளோட்டத்தின்போது ஓர் எழுதுவினைஞர் முகவரிப் பட்டையின் கடைசியில் இருந்த உறுப்பினர் இலக்கத்தை மாற்றி அழுத்தி, அடுத்த கிளையின் பேரேட்டைத் திறந்து காட்டினார். அன்றும் பலகையில் பாதுகாப்புத் தரம் முதல் எழுத்தாகத்தான் இருந்தது. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கும் நாட்டில், அந்த எழுத்தை வாடிக்கையாளரிடம் நீட்டுவது எனக்குக் கூச்சமாகவே இருக்கிறது. இன்னொன்று: நூலகச் சோதனை தங்கியிருக்கும் அமெரிக்கத் தேசியக் குறைபாட்டுத் தரவுத்தளத்தில் 2024 பெப்ரவரி தொடக்கம் பகுப்பாய்வு வேலை பெருமளவில் தேங்கியது. ஆகவே ‘குறைபாடு பூச்சியம்’ என்ற வரிக்கு, குறைபாடு இல்லை என்றும் பொருள் கொள்ளலாம், இன்னும் எவரும் ஆராய்ந்து பதியவில்லை என்றும் பொருள் கொள்ளலாம். பலகை இரண்டுக்கும் ஒரே பச்சையைத்தான் பூசுகிறது.

இவை எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். என்னால் பொறுக்க முடியாதது 80 வீதம்.

சோதனைப் பரவல் என்பது, சோதனைகள் ஓடும்போது நிரலின் எத்தனை வரிகள் இயங்கின என்பதன் வீதம். இயங்கிய வரி சரியான விடையைத் தந்ததா என்பதைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. எங்கள் கொள்வனவு மென்பொருளில் ஈரப்பதன் கழிவைக் கணக்கிடும் சிறிய பகுதி ஒன்று உண்டு. நெல்லின் ஈரப்பதன் 14 வீதம் வரை இருந்தால் கழிவில்லை. அதற்கு மேற்பட்டால் படிப்படியாக எடையில் கழிவு. பலகையில் இந்தக் கோப்பின் பரவல் 100 வீதம். 12 வீத நெல்லுக்கு ஒரு சோதனை, 17 வீத நெல்லுக்கு ஒரு சோதனை. ஒரு வரியும் மிச்சமில்லாமல் எல்லாம் இயங்கின. இந்தப் போகத்தின் தொடக்கத்தில், முரசுமோட்டையில் தராசடியில் நின்ற கமக்காரர் ஒருவர் தமது பற்றுச்சீட்டைத் திருப்பிக் கொடுத்து, மானி சரியாக 14 காட்டியிருக்க ஏன் கழிவு போட்டிருக்கிறது என்று கேட்டிருக்கிறார். ‘14க்கு மேல்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘14 அல்லது அதற்கு மேல்’ என்று இருந்தது. நூறு வீதப் பரவல் சொல்லாததை ஒருவர் மூடைக் கணக்கைப் பார்த்துச் சொன்னார். மூடைக்குப் பெரிய தொகை அல்ல. ஆனால் உரமும் எரிபொருளும் விற்ற விலையில் விதைத்தவருக்கு அது சின்னத் தொகையும் அல்ல.

கோபம் இத்தோடு முடியவில்லை. திருத்தம் ஒரு குறியீட்டில் அடங்குவது. ஆனால் பற்றுச்சீட்டில் மானியின் அளவையும் கழிவின் காரணத்தையும் அச்சிட வேண்டும் என்று சங்கத்தின் பொது முகாமையாளர் கேட்டுக்கொண்டதால், அச்சிடும் பகுதியிலும் சில வரிகள் கூடின. அச்சுப் பகுதிக்குச் சோதனை எழுதுவது சிரமம், புதிய நிரலின் பரவல் எண்பதுக்குக் கீழே இறங்கியது, படலை சிவந்தது. தராசடியில் உழவு இயந்திரங்கள் பெட்டியோடு வரிசையில் நிற்க, நாங்கள் வீதத்தோடு மல்லாடினோம். அதற்கு எங்கள் இளைய நிரலாளர் ஒருவர் கண்ட வழி, எந்த ஊரிலும் எந்த நிரலாளரும் காணும் வழிதான்: அச்சுப் பகுதியை அழைத்துவிட்டு எதையும் சரிபார்க்காமல் முடியும் சோதனைகளை எழுதினார். கருவி அதைக் கண்டுபிடித்தது. விடையைச் சரிபார்க்காத சோதனை என்று எச்சரித்தது. பாராட்ட வேண்டியதுதான். உடனே அவர், கிடைத்த பொருள் வெறுமையானது அல்ல என்று உறுதிசெய்யும் ஒரு வரியை ஒவ்வொன்றிலும் சேர்த்தார். கருவி அடங்கியது, பரவல் 84 ஆனது, படலை பச்சையானது. ஈரப்பதன் 14ஆக இருந்தால் கழிவு பூச்சியம் என்று சரிபார்க்கும் ஒரே ஒரு பயனுள்ள சோதனை அந்த 84க்கு எதையும் கூட்டவில்லை, ஏனெனில் அந்த வரிகள் ஏற்கெனவே இயங்கியவையாகக் கணக்கில் இருந்தன. வேண்டிய சோதனைக்குப் புள்ளி இல்லை; வேண்டாத சோதனைகளுக்குப் படலை திறக்கிறது.

இதற்கு மாற்று இல்லாமலில்லை. நிரலில் வேண்டுமென்றே சிறு பிழைகளை நுழைத்து, அவற்றைச் சோதனைகள் பிடிக்கின்றனவா என்று பார்க்கும் திரிபுச் சோதனை முறையை டிமில்லோ, லிப்டன், சேவர்ட் ஆகியோர் 1978இலேயே விரிவாக எழுதிவிட்டார்கள். ஜாவாவுக்குப் பிட் என்ற இலவசக் கருவி இருக்கிறது. எல்லைக் குறியீடுகளை மாற்றிப் பார்ப்பது அதன் வழமையான திரிபுகளுள் ஒன்று. கழிவுக் கோப்பின் மேல் ஓடவிட்டபோது, இந்த எல்லையை எந்தச் சோதனையும் காக்கவில்லை என்பதை முதல் ஓட்டத்திலேயே காட்டியது. குறை என்னவெனில் நேரம். ஒவ்வொரு திரிபுக்கும் தொடர்புடைய சோதனைகள் மீண்டும் ஓட வேண்டும். எங்கள் பழைய சேவையகத்தில் முழு நிரலுக்கும் அதைச் செய்ய முடியாது. ஆகவே கழிவு, வட்டி, தவணை ஆகிய மூன்றுக்கு மட்டும் வைத்திருக்கிறோம். பணம் கைமாறும் இடங்கள் அவைதாம்.

வினைத்திறன் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். மென்பொருள் குழுக்களின் வினைத்திறனை ஆராயும் டோரா ஆய்வுக் குழு பரப்பிய நான்கு அளவீடுகளான வெளியீட்டு அடிக்கடித் தன்மை, மாற்றத்துக்கான காலம், தோல்வியுறும் மாற்றங்களின் வீதம், சேவையை மீட்கும் காலம் ஆகியவற்றைத் தனி ஏடொன்றில் பதிகிறோம். மாசி, பங்குனியில் தராசடி நடக்கும்போது அவசரத் திருத்தம் தவிர எதையும் வெளியிடுவதில்லை என்பது எங்கள் கட்டுப்பாடு. அதனால் அந்த மாதங்களில் முதல் அளவீடு தரையைத் தொடுகிறது. நாள்முழுதும் இணைப்பிலிருக்கும் சேவைகளுக்கு உகந்த அந்த எண்ணை, இணைப்பில்லாத கிளைக் கணினிகளுக்கு எழுதும் நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மீட்கும் காலத்தை மட்டும் விடாமல் பார்க்கிறேன். பற்றுச்சீட்டுப் பிழை தெரியவந்ததற்கும் திருத்தம் தராசடிக்குப் போய்ச் சேர்ந்ததற்கும் இடையே கழிந்த நேரத்தில், நிரல் எழுதியதைவிடப் படலையைத் திறந்ததே அதிகம் என்று அந்த ஏடு சொல்கிறது.

சேவையகம் பற்றியும் நண்பர் கேட்டிருந்தார். நினைவகத்தை இது தாராளமாக விழுங்கும். உள்ளேயே ஒரு தேடல் இயந்திரம் ஓடுகிறது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் நின்ற நாள்களில், திடீரென அணைந்த பின் தேடல் அட்டவணையை மீளக் கட்டவே மிச்ச நேரம் போனது. நல்ல மின்கல ஆதரவு இல்லாமல் தொடங்க வேண்டாம்.

நண்பருக்கு நான் அனுப்பிய பதில்: வைக்க வேண்டாம். ஆவணத்துக்காக வைப்பதாயின் நிச்சயமாக வேண்டாம், ஏனெனில் உங்கள் குழு முதல் மாதத்திலேயே 80ஐ எட்டும் வித்தையைக் கற்றுக்கொள்ளும். அதன் பின்னர் அதை மறக்கவைப்பது கடினம். ஒப்பந்தக்காரரிடம் பேசி, அந்த நிபந்தனைக்குப் பதிலாகப் பணக் கணக்கு வரும் கோப்புகளுக்குத் திரிபுச் சோதனை அறிக்கையும், ஒவ்வொரு பயனர் வகையும் எதைப் பார்க்கலாம் என்ற அட்டவணையும் தருவதாகச் சொல்லுங்கள். அப்படியாயின் நீங்கள் ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்று அவர் திருப்பிக் கேட்டார். இரட்டிப்புக்காகவும் அந்த டிசெம்பருக்காகவும் என்று எழுதினேன். எங்கள் படலையிலிருந்து பரவல் நிபந்தனையை மட்டும் நேற்று நீக்கிவிட்டோம். மற்றவை அப்படியே இருக்கின்றன.

ஐந்துக்கு இரண்டு புள்ளி. சிறுபோக விதைப்புக் காலத்தில் கேட்டிருந்தால் மூன்றரை கொடுத்திருப்பேன்.