டெகாமி பச்சி: மங்காவா, அனிமேயா?

தலைநகருக்கு மேல் மட்டும் ஒரு செயற்கைச் சூரியன் எரியும் இருண்ட கற்பனை நாடான அம்பர்கிரவுண்டில், கவசப் பூச்சிகள் உலவும் காட்டு வழியே கடிதம் சுமக்கும் 'தேனீக்களின்' கதை இது. ஹிரோயுகி அசாடா 2006 முதல் 2015 வரை வரைந்த மங்கா (ஜப்பானியப் படக்கதை) 20 தொகுதிகள். அதைத் தழுவிய அனிமே (ஜப்பானிய அசைபடத் தொடர்) 2009 முதல் 2011 வரை இரண்டு பருவங்கள், தலா 25 அத்தியாயம்.

அனிமேயின் பலம் நிறம். இருட்டில் ஆம்பர் கல் ஒளிர்வதும், இதயத்துண்டையே தோட்டாவாகச் சுடும் 'ஷிந்தான்' பாய்வதும் திரையில்தான் முழுதாகப் பிடிபடுகின்றன. பூச்சிகளைக் கணினியில் செய்திருப்பதால் அவை மட்டும் கைவரைந்த பின்னணியோடு ஒட்டாமல் துருத்தி நிற்கும்.

சிக்கல் முடிவில். மங்கா ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுத்ததால், இரண்டாம் பருவமான 'ரிவர்ஸ்' தனி முடிவுக்குத் திரும்பிவிடுகிறது. செயற்கைச் சூரியனின் மர்மம், நாயகன் லாக்கின் பிறப்பு ஆகியவற்றுக்கு ஆசிரியரின் விடை மங்காவில்தான். அனிமே முடித்துவிட்டு நடுத் தொகுதியில் புகுந்தால் குழப்பமே மிஞ்சும். முதல் தொகுதியிலிருந்தே வாசியுங்கள். அசாடாவின் நெருக்கமான கோடுகளைச் சின்னக் கைபேசித் திரையில் பார்ப்பது பாவம். அச்சுப் பிரதியோ டேப்லெட்டோ நல்லது.

நேரம் குறைவென்றால் அனிமே முதல் பருவம் மட்டும் போதும், பிறகு மங்காவுக்கு வாருங்கள்.