யோசனையைச் சொல்வதா, மூடி வைப்பதா?

இலங்கையின் மருதமுனையில் நெய்யும் கைத்தறிச் சாரத்தை (லுங்கியை) இணையத்தில் விற்கும் யோசனை ஒருவருக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மூடி வைத்தால் போட்டியாளர் அறியமாட்டார். நெசவாளியும் வாங்குபவரும்கூட அறியமாட்டார்கள் என்பதுதான் வில்லங்கம்.

வாட்ஸ்அப் குழுவில் சொன்னால்? ஒரு குழுவில் 1,024 பேர் வரை இருக்கலாம். கல்முனையில் ஒருவர் கூரியர் செலவைச் சொல்வார். கனடாவிலுள்ள உறவினர் அங்கே எந்த நிறம் விலைபோகும் என்பார். “இது சரிவராது” என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். காரணம் கேட்க வேண்டியது அவரிடம்தான். திருட்டுப் பயமும் நியாயமானதே. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வெறும் யோசனைக்குப் பதிப்புரிமை தருவதில்லை. ஆனால் யோசனையைக் கேட்டவர்கள் எல்லாம் தறிக்காரரின் நம்பிக்கையையும் சேர்த்து எடுத்துச்செல்ல முடியாதே!

தறிக்கே புதிய பொறிமுறை கண்டுபிடித்திருந்தால் கதை வேறு. ஆக்கவுரிமைக்கு (பேட்டன்ட்) புதுமை அவசியம்; முன்கூட்டியே வெளியே சொன்னால் அது கெடலாம். முதலில் விண்ணப்பம், பிறகு பேச்சு. கொள்முதல் விலையையும் சாயக் கலவையையும் நான் எந்தக் குழுவிலும் போடமாட்டேன். மற்றவற்றைத் தாராளமாகச் சொல்லிவிடலாம்.