பால் கணக்குக் காலண்டரில் நடைக் கணக்கு: இரண்டு வருட அனுபவம்

எங்கள் சமையலறைச் சுவரில் மாதக் காலண்டர் ஒன்று தொங்கும். பால் வாங்காத நாளில் அம்மா அதில் சுழி போடுவார். தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்லி டாக்டர் கண்டிப்பாகச் சொன்ன பிறகு, அதே கட்டங்களில் நடந்த நாளுக்கு நான் சிவப்பு டிக் போட ஆரம்பித்தேன். இரண்டு வருடம் தாண்டிவிட்டது.

அதற்கு முன் போனில் ஒரு ஆப் வைத்திருந்தேன். விடாமல் நடந்த நாட்களை எண்ணிக் காட்டும். 19வது நாள் காய்ச்சலில் படுத்தேன், எண்ணிக்கை பூஜ்யமாகிவிட்டது. மனசு விட்டுப்போய் நடையையும் நிறுத்திவிட்டேன். காலண்டரில் நான்கு நாள் விட்டாலும் பழைய டிக்குகள் அப்படியே இருக்கின்றன. அதைப் பார்த்தே ஐந்தாம் நாள் கிளம்பியிருக்கிறேன்.

21 நாளில் பழகிவிடும் என்று நம்பித்தான் இறங்கினேன். பழகவில்லை. அப்புறம் தேடிப் படித்தேன். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், தன் நோயாளிகள் மாறிய முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் பிடிப்பதாக 1960இல் எழுதியதிலிருந்து கிளம்பிய எண் அது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஆளுக்கும் செயலுக்கும் தகுந்தபடி 18 முதல் 254 நாள் வரை ஆகும் என்று தெரிந்தது. நடுவாக 66 நாள். இடையில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய பாதிப்பில்லை என்றும் கண்டார்கள். இதைப் படித்தபோது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா!

எனக்குக் கிட்டத்தட்ட ஐந்து மாதம் ஆனது. "ஆறு மணிக்கு நடக்கணும்" என்று வைத்திருந்தவரை இழுபறிதான். பிறகு மாற்றினேன்: கேட்டில் தொங்கும் பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்து அம்மாவிடம் கொடுத்ததும் ஷூ மாட்ட வேண்டும். ஷூவைக் கேட் பக்கத்திலேயே வைத்தேன். திரும்பி வந்தால் காபி தயார். இந்த வரிசை படிந்த பிறகு, போகலாமா வேண்டாமா என்ற யோசனையே வருவதில்லை. டிக்கை விட இதுதான் அதிகம் உதவியது.

குறைகளும் உண்டு. மாதம் முடிந்ததும் அம்மா தாளைக் கிழித்துவிடுவார், பழைய கணக்கு போய்விடும். இப்போது போட்டோ எடுத்து வைக்கிறேன். மழைக் காலத்தில் டிக் குறையும். வெளியூர் போனால் இன்னும் மோசம். அக்கா வீட்டில் பத்து நாள் இருந்தபோது ஒரு நாள்கூட நடக்கவில்லை. அங்கே காலையில் பால் எடுப்பது மாமா. அடுத்த முறை போகும்போது அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளப் போகிறேன்.