மர்மத் தொடர்கள்: பல வருஷம் பார்த்தபின் ஒரு காரைக்குடிக்காரரின் மதிப்பீடு

டிஸ்கவரியும் ஹிஸ்டரியும் தமிழில் பேச ஆரம்பித்த காலத்திலிருந்து எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஓடுவது பெரும்பாலும் வரலாறு, மர்மம் சார்ந்த நிகழ்ச்சிகள்தான். பிரமிடு, எல்லோரா, கடலில் மூழ்கிய கண்டம், பூட்டிய நிலவறை எதையும் விட்டதில்லை. இத்தனை வருஷத்தில் படம்பிடிக்கும் தரம் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது, சரக்கு குறைந்துகொண்டே வந்திருக்கிறது. பொழுதுபோக்காகப் பார்ப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இதையே வரலாறு என்று ஓடவிடுவதுதான் கவலையாக இருக்கிறது.

இந்த நிகழ்ச்சிகள் நேரடியாகப் பொய் சொல்வது குறைவு. கேள்வி கேட்கும். ‘வேற்றுக்கிரகவாசிகள் உதவியிருப்பார்களோ?’ என்று கேட்டுவிட்டு விளம்பரத்துக்குப் போய்விடும். திரும்பி வந்ததும் அதே கேள்வி, கொஞ்சம் வேறு இசையோடு. நாலாவது தடவை கேட்கும்போது அதிலிருந்த கேள்விக்குறி பார்ப்பவர் மனசை விட்டுப் போயிருக்கும். 2010-இல் தொடராக வர ஆரம்பித்த ‘ஏன்சியன்ட் ஏலியன்ஸ்’ இத்தனை வருஷம் ஓடுவது இந்த ஒரு உத்தியில்தான். வேற்றுக்கிரகவாசிகள் வந்து உதவினார்கள் என்பது, எரிக் ஃபான் டேனிகன் என்ற சுவிஸ் எழுத்தாளர் 1968-இல் புத்தகமாகப் போட்ட கருத்து. அதற்குப் பிறகு அதை நிலைநிறுத்தும் சான்று ஒன்றுகூட வரவில்லை.

கேள்வியோடு நிற்காதவையும் உண்டு. 2012-இல் அனிமல் பிளானட் கடற்கன்னியின் உடல் கிடைத்துவிட்டதாக ஒரு படம் போட்டது. மறுவருஷம் டிஸ்கவரி, மெகலோடான் சுறா இன்னும் உயிரோடிருப்பதாக இன்னொன்று. விஞ்ஞானிகள் என்று வந்து பேசியவர்கள் நடிகர்கள். கற்பனை என்ற அறிவிப்பு வந்த சுவடு தெரியாமல் மறைந்தது. கடற்கன்னிக்கு ஆதாரம் கிடையாது என்று அமெரிக்க அரசின் கடல் ஆய்வு நிறுவனமே அறிக்கை விடவேண்டி வந்தது. மெகலோடான் அழிந்து 30 லட்சம் வருஷத்துக்கு மேலாகிறது.

இவற்றையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு ஆறாதது, உழைத்தவன் பெயரை இவர்கள் மறைப்பது.

பிரமிடையே எடுத்துக்கொள்வோம். 2013-இல் எகிப்தின் செங்கடல் கரையில், வாதி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில், பிரெஞ்சுத் தொல்லியலாளர் பியர் தாலே தலைமையிலான குழு பாப்பிரஸ் ஏடுகளைக் கண்டெடுத்தது. பெரிய பிரமிடைக் கட்டிய கூஃபு மன்னர் காலத்து எழுத்து, ஏறக்குறைய 4,500 வருஷப் பழசு. மேரர் என்கிற மேற்பார்வையாளர், தன்கீழ் வேலை செய்த சுமார் 40 பேரோடு துரா குவாரியிலிருந்து சுண்ணாம்புக்கல்லைப் படகில் ஏற்றி நைல் வழியாக கீசாவுக்குக் கொண்டுபோனதை நாள்வாரியாக எழுதி வைத்திருக்கிறார். இன்று கல் ஏற்றினோம், இன்று புறப்பட்டோம், ராத்திரி இன்ன இடத்தில் தங்கினோம். தானிய வரவு எழுதிய ஏடுகளும் அங்கேயே கிடைத்தன. எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் பெட்டகத்தைத் திறந்தால் வருமே, ரங்கூன் கடையின் நாள்வழிக் கணக்கு, அதைப் படிப்பது போலவே இருக்கிறது. கீசாவில் வேலைக்காரர்களின் கல்லறைகள் 1990-இலேயே வெளிப்பட்டுவிட்டன. அவர்களுக்கு ரொட்டி சுட்ட கூடங்களும் கிடைத்திருக்கின்றன. நான் பார்த்த ஏலியன் எபிசோடு எதிலும் மேரர் பெயரை ஒருவர்கூட உச்சரிக்கவில்லை.

“ஐயா, அந்தக் காலத்து ஆளுகளுக்கு இம்புட்டுப் பெரிய கல்லை வெட்டத் தெரியுமா? வேற யாராச்சும் வந்துதானே செஞ்சிருக்கணும்?” என்று பேரன் கேட்டான். அது எல்லோரா எபிசோடு பார்த்த ராத்திரி. லீவு விட்டதும் அவனைக் கழுகுமலைக்குக் கூட்டிப்போனேன். வெட்டுவான் கோயில் 8-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வேலை. பாறையைச் சுற்றிலும் அகழ்ந்துவிட்டு, உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கி வந்து, பாதியில் நிறுத்திவிட்டார்கள். மேலே விமானம் சிற்பங்களோடு நிற்க, அடிப்பகுதி வெட்டாத பாறையாகவே கிடக்கிறது. எல்லோரா கைலாசநாதர் கோயிலை மேலிருந்து கீழாக வெட்ட மனிதனால் முடியாது என்று அடித்துப் பேசுகிறவர்கள் இந்த இடத்துக்குக் கேமராவைக் கொண்டுவருவதில்லை. தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்கும் இதே கதிதான். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பார்கள். எந்தச் சாயங்காலமும் போய்ப் பார்க்கலாம், விழுகிறது. கட்டிய பெருந்தச்சன் குஞ்சரமல்லனின் பெயர் அங்கே கல்வெட்டிலேயே இருக்கிறது, அதை வாசிக்கத்தான் நிகழ்ச்சியில் நேரம் இருப்பதில்லை.

எங்கள் பக்கமும் ஒரு சேனல்காரர்கள் வந்தார்கள். பூட்டிக் கிடந்த ஒரு வீட்டை ராத்திரியில் படம் பிடித்தார்கள். பர்மாத் தேக்குத் தூண், வளவு, இரண்டாங்கட்டு எல்லாவற்றின் மேலும் பச்சை வெளிச்சம். ஒளிபரப்பானபோது அதில் சுரங்கம் இருந்தது, புதையல் இருந்தது, நடுச்சாமத்துச் சத்தம் இருந்தது. பக்கத்து வீட்டு ஆச்சி அவர்களிடம் வெகுநேரம் பேசியிருந்தார். அதில் “ராத்திரி கதவு ஆடும்” என்பது மட்டும் வந்தது. “கீல் போயிருச்சு, காத்துக்கு ஆடும்” என்று அடுத்து சொன்னது வரவில்லை.

அந்த வீடு ஏன் பூட்டிக் கிடக்கிறது என்பதையும் ஆச்சி சொல்லியிருந்தார். அதற்குப் பேய் வேண்டாம், பர்மா போதும். அங்கே வட்டிக்கடை வைத்திருந்த செட்டியார்களிடம் வாங்கிய கடனை, 1930-களின் பொருளாதார மந்தத்தில் கட்ட முடியாத விவசாயிகளின் நெல்வயல்கள் அந்தக் கடைகளின் கைக்கு வந்தன. கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் 6 சதவீதமாக இருந்த அவர்களது நிலம் 1938-க்குள் 25 சதவீதமானது. ரொக்கமாகத் திரும்ப வேண்டிய பணம் மண்ணில் மாட்டிக்கொண்டது. 1942-இல் ஜப்பான் படை வந்தபோது போட்டது போட்டபடி கிளம்பினார்கள், நடந்தே வந்தவர்களும் உண்டு. பர்மா சுதந்திரம் அடைந்த 1948-இல் நிலத்தை அரசுடைமையாக்கும் சட்டம் வந்தது. அதற்கப்புறம் பங்காளிகள் சென்னை, சிங்கப்பூர் என்று சிதறினார்கள். ஓட்டைப் பிரித்து வேயப் பங்குப் பணம் சேர்வதில்லை. முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் பூட்டைத் திறக்கிறார்கள். பர்மாக்காரன் பக்கத்து இழப்பையும் சேர்த்துச் சொன்னால் இதைவிடப் பெரிய கதை எந்தச் சேனலுக்குக் கிடைக்கும்? கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து ஆச்சி அதைத்தான் சொன்னார்.

நல்லவையும் வருகின்றன. குவாத்தமாலா காட்டில், வானிலிருந்து லேசர் ஒளி பாய்ச்சித் தரையை அளக்கும் லைடார் கருவியால் 60,000-க்கும் மேற்பட்ட மாயர் காலத்துக் கட்டுமானங்களைக் கண்டதை 2018-இல் நேஷனல் ஜியாகிரபிக் காட்டியது. யார் தேடினார்கள், எப்படி அளந்தார்கள் என்று எல்லாம் தெரிந்தது, விறுவிறுப்பும் குறையவில்லை. கீழடி பற்றி வந்த சில படங்களும் அப்படியே: குழி, மண் அடுக்கு, 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த மாதிரி, அதற்குக் கிடைத்த கி.மு. 580 என்ற காலக்கணக்கு. 2023-இல் செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் கட்டித் திறந்த கீழடி அருங்காட்சியகத்தில் பேரன் பானையோட்டு எழுத்துகளைக் கண்ணாடியில் முகம் ஒட்ட நின்று வாசித்தான்.

இந்த வகைக்காக மட்டும் அந்தச் சேனல்களை இன்னும் பேக்கில் வைத்திருக்கிறேன். ஏலியன் தொடரைப் பார்ப்பதை நிறுத்தியாகிவிட்டது. புதுத் தொடர் எதுவானாலும் முதல் எபிசோடில் பேசுகிறவரின் பெயரும் துறையும் திரையில் வருகிறதா, தோண்டிய இடத்துக்குக் கேமரா போகிறதா என்று பார்க்கிறேன். ‘ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள்’ என்று மொட்டையாக ஓடினால் இரண்டாவது எபிசோடு எங்கள் வீட்டில் கிடையாது.